தூக்கிப்போட்ட பொருளிலிருந்து கலை: கண்காட்சி வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு கல்லூரியின் சிறிய அருங்காட்சியகத்தில் ஒரு ஹால் மூன்று மாதத்துக்குக் கிடைக்கிறது. தூக்கிப்போட்ட பொருட்களைக் கலையாக்குவது பற்றிக் கண்காட்சி வைக்க ஆசை. கையில் பெரிய பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, எதையெல்லாம் கவனிப்பது?

இந்தத் தலைப்பில் வைக்கும் கண்காட்சிகள் பல வாசலிலேயே சொதப்பிவிடுகின்றன. நுழைந்ததும் 'பூமியைக் காப்போம்' பேனர். பக்கத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த மயில். அடுத்து பழைய சிடிகளை ஒட்டிச் செய்த மீன். வருகிறவர் "அட, பாட்டில்லயே மயிலா!" என்று ஒரு செல்ஃபி எடுப்பார், அடுத்த மேசைக்குப் போவார், பத்து நிமிடத்தில் வெளியே டீக்கடையில் இருப்பார். அந்தப் பாட்டில் யார் குடித்துப் போட்டது, எங்கே கிடந்தது, மயிலுக்கு ஏன் பாட்டில் என்று அவருக்குக் கேட்கவே தோன்றாது. கைத்திறனைப் பார்த்து வியந்ததோடு சரி.

என்னைக் கேட்டால், இந்தக் கண்காட்சியில் காட்ட வேண்டியது பொருளின் முந்தைய வாழ்க்கையைத்தான். அது யாரிடம் இருந்தது, யார் ஏன் வீசினார்கள், யார் குனிந்து எடுத்தார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த படைப்புகளை மட்டும் ஹாலுக்குள் விடுங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும். பத்துப் பன்னிரண்டு படைப்பு இருந்தாலே அந்த ஹாலுக்குத் தாராளம்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 'ஆயுதங்களின் அரியணை' என்று ஒரு நாற்காலி இருக்கிறது. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கைச் சேர்ந்த கெஸ்டர் என்ற கலைஞர் 2001இல் செய்தது. முழுக்க முழுக்கத் துப்பாக்கித் துண்டுகள். அந்த நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போர் முடிந்தும் ஆயுதங்கள் வீட்டுக்கு வீடு பதுங்கிக் கிடந்தன. 1995இல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகளின் மன்றம், பிஷப் டினிஸ் செங்குலானே முன்னின்று நடத்த, ஒரு திட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் மண்வெட்டியோ சைக்கிளோ தையல் மெஷினோ வாங்கிக்கொண்டு போகலாம். வந்ததையெல்லாம் செயலிழக்கச் செய்து வெட்டி, கொஞ்சத்தைக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள்.

அந்த நாற்காலியைப் படத்திலாவது கிட்டத்தில் பாருங்கள். கைப்பிடிகள் சோவியத் ஏகே-47. முதுகுப்பக்கம் நிமிர்ந்து நிற்பவை போர்ச்சுகல் ராணுவத்தின் ஜி3 ரைபிள்கள். முன்கால்களில் ஒன்று வட கொரியத் துப்பாக்கியின் குழல். ஆப்பிரிக்காவில் செய்த ஆயுதம் ஒன்றுகூட அதில் இல்லை. ஜி3யின் அடிக்கட்டையில் திருகாணி ஓட்டை இரண்டு, தோள்வார் மாட்டும் பிளவு ஒன்று. பார்த்தால் கண்ணும் வாயுமாக ஒரு முகம் தெரியும். கெஸ்டர் அதைச் செதுக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்தது. அதை மேலே தெரிகிற மாதிரி நிறுத்தியது மட்டும்தான் அவர் வேலை.

இப்போது இதற்கு ஒரு லேபிள் எழுதிப் பார்ப்போம். வழக்கமாக எழுதுவது: 'அரியணை. கெஸ்டர், 2001. உலோகம், மரம். போரின் கொடுமையையும் அமைதியின் தேவையையும் உணர்த்தும் படைப்பு.' இதில் கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள். எதை உணர வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் எதற்கு? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'கைப்பிடி: சோவியத் ஒன்றியம். முதுகு: போர்ச்சுகல். முன்கால்: வட கொரியா. துப்பாக்கிகளைக் கொடுத்தவர்கள் பதிலுக்கு மண்வெட்டி, சைக்கிள் வாங்கிப் போனார்கள். நாற்காலியாகச் செய்தவர்: கெஸ்டர், மொசாம்பிக், 2001.' முப்பது சொல்கூட இல்லை. படித்து முடித்தவர் அடுத்த நொடி குனிந்து முன்காலைத் தேடுவார். அவரைக் குனிய வைக்க முடிந்தால் லேபிள் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் ஹாலுக்கு அந்த நாற்காலி வராது, தெரியும். ஆனால் உங்கள் ஊர்க் கலைஞர் ஒருவர் பழைய தறிக்கட்டையில் செய்த சிற்பத்துக்கும் இதே மாதிரி எழுதலாம். எந்த ஊர்த் தறி, எந்த வருஷம் நின்றது, கட்டை என்ன விலைக்குப் போனது. கலைஞரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சண்டிகர் ராக் கார்டன்: குப்பையில் கிடந்த பொருட்களால் நேக் சந்த் என்பவர் உருவாக்கிய சிற்பத் தோட்டம். இந்தியாவில் இந்தத் தலைப்பில் கண்காட்சி என்றால் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது 'உடைந்த வளையலில் பொம்மை செய்தவர்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. முழுக்கதை அதைவிடப் பெரியது. பிரிவினையில் பாகிஸ்தான் பகுதியிலிருந்து வந்து சேர்ந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. கட்டிடக்கலைஞர் லெ கொர்புசியேயின் திட்டப்படி நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்த நகரத்துக்கு இடம் வேண்டுமென்று இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களை அப்புறப்படுத்தினார்கள். அங்கே இடிபாட்டில் கிடந்த பானை ஓடு, வளையல் துண்டு, உடைந்த பீங்கான், கட்டுமான மிச்சம் இதையெல்லாம் சைக்கிளில் கட்டி எடுத்துப் போய், காட்டுக்குள் அரசு நிலத்தில் ரகசியமாக அடுக்கத் தொடங்கினார். 1950களின் இறுதியில் தொடங்கியது, 1975 வாக்கில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு, இடித்துத் தள்ளியிருக்கலாம். 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவரையே சம்பளத்தோடு அதற்குப் பொறுப்பாளராக்கினார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் காலமானார்.

இதை ஹாலில் எப்படிக் காட்டுவது? இரண்டு சுவர்களை எதிரெதிராகப் பயன்படுத்துங்கள். ஒரு சுவரில் சண்டிகரின் செக்டார் வரைபடம், பெரிதாக, நேர்கோடு நேர்கோடாக. எதிர்ச்சுவரில் ராக் கார்டனின் வளைந்து நெளிந்த பாதைகளும் வரிசை வரிசையாக நிற்கும் உருவங்களும். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் வளையல் துண்டு, உடைந்த வாஷ்பேசின், மின்கம்பத்துப் பீங்கான், பல்பு மூடி, எல்லாம் குவியலாக. திட்டம் போட்ட நகரமும் அந்தத் திட்டம் துடைத்தெறிந்ததும் ஒரே பார்வையில் வந்துவிடும். விளக்கப் பலகைகூடச் சின்னதாகப் போதும்.

அந்த நடுமேசை யோசனையை ஹால் முழுக்கப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படைப்புக்குப் பக்கத்திலும் அதே மூலப்பொருளில் ஒரு கைப்பிடியளவு, எதுவும் செய்யாமல், தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள். படைப்பைத் தொடாதே என்று கத்துவதைவிட, தொட ஒன்றைக் கொடுப்பது நல்ல காவல். இன்னொன்று, இதை நான் எங்கும் பார்த்ததில்லை, நீங்கள் செய்தால் சந்தோஷம்: உங்கள் ஊர் காயலான் கடையில் மாட்டியிருக்கும் விலைப்பலகையை அப்படியே எழுதி நுழைவாயிலில் தொங்கவிடுங்கள். இரும்பு கிலோ இவ்வளவு, அலுமினியம் இவ்வளவு, செம்பு, பித்தளை, பழைய பேப்பர், அட்டை. வாரம் ஒருமுறை சாக்பீஸால் திருத்துங்கள். வருகிறவர் அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நடப்பார். பாட்டில் மூடிகளில் செய்த ஒரு சுவர்த்திரை முன்னால் நிற்கும்போது அந்த எண் தானாக ஞாபகத்துக்கு வரும்.

பாட்டில் மூடி என்றதும் எல் அனாட்சுயியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கானாவில் பிறந்தவர், நைஜீரியாவின் ன்சுக்காவில் பல்லாண்டு பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். மது பாட்டில்களின் அலுமினிய மூடியையும் கழுத்துப் பட்டையையும் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோப்பார். உதவியாளர்கள் பலர் சேர்ந்து மாதக்கணக்கில் கோத்தால் ஒரு சுவரையே மூடும் அளவுக்குப் பொன்னும் சிவப்புமாக ஒரு திரை வரும். தூரத்திலிருந்து பட்டு மாதிரி தெரியும், கிட்டே போனால் சாராயக் கம்பெனிப் பெயர்களைப் படிக்கலாம். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று, அடிமை வியாபாரத்தில் அது கைமாறியது. அந்தச் சரித்திரமும் அந்த மூடியில் இருக்கிறது. 2015இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது.

கண்காட்சி அமைப்பவருக்கு அவரிடம் கற்க வேண்டியது வேறொன்று. அந்தத் திரைக்கு நிலையான வடிவம் கிடையாது. துணி மாதிரி மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். எங்கே மடிப்பு விழ வேண்டும், எங்கே தரையில் புரள வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிடுவார். அதனால் ஒரே படைப்பு ஒவ்வொரு ஊரிலும் வேறு மாதிரி. உங்கள் கண்காட்சியிலும் இப்படி ஒன்றாவது இருக்கட்டும். மாணவர்களை மாட்டச் சொல்லி, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் சுவரையும் கூரைக் கொக்கியையும் கொத்தனாரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். உலோகம் பார்க்க மெல்லியதாக இருக்கும், சேர்ந்தால் எடை எகிறும்.

கரீபியன் நாடான ஹெய்ட்டியின் எண்ணெய் டிரம் சிற்பங்களை ஒரு வரியில் கடந்துபோக மனமில்லை. குருவா தே புக்கே என்ற ஊரில் ஜார்ஜ் லியோட்டோ என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை செய்துகொண்டிருந்தார். 1950களில் கலை ஆர்வலர்கள் கண்ணில் பட்டு, சிற்பம் செய்யத் தொடங்கினார். பின்னாளில் அந்த ஊரே அந்தத் தொழிலுக்கு வந்தது. 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை எடுத்து, மேல்மூடியையும் அடிமூடியையும் வெட்டி, உள்ளே வைக்கோலோ வாழைச்சருகோ அடைத்துத் தீ வைப்பார்கள். மிச்ச எண்ணெயும் பெயின்ட்டும் எரிந்துபோகும். பிறகு நெடுக வெட்டி, ஏறி மிதித்து, சுத்தியலால் அடித்துத் தகடாக விரிப்பார்கள். சாக்பீஸால் வரைந்து, உளியால் வெட்டுவார்கள். இதற்கு ஒரு டிரம், ஒரு விரித்த தகடு, ஒரு முடிந்த சிற்பம் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வீடியோ தேவையில்லை. தார் டிரம் நம் ஊரிலும் கிடைக்கும்.

சரி, இனி யாரும் பேச விரும்பாத விஷயம்: பணமும் பெயரும். பிரேசில் கலைஞர் விக் முனிஸ், ரியோ அருகே ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டில் வேலை செய்தவர்களை வைத்து, அவர்கள் பொறுக்கிய பொருட்களாலேயே அவர்களின் பெரிய உருவப்படங்களை ஒரு பெரிய தரையில் அடுக்கி, மேலிருந்து புகைப்படம் எடுத்தார். அடுக்கும் வேலையில் அவர்களுக்கும் கூலி உண்டு. ஒரு படம் லண்டனில் ஏலம் போனது, பணம் அவர்களின் சங்கத்துக்குப் போனது. அந்தக் குப்பைமேடு 2012இல் மூடப்பட்டது. இது பூரணமான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். படத்தில் இருப்பவரின் பெயரைவிட எடுத்தவரின் பெயர்தான் உலகம் சுற்றுகிறது. ஆனாலும் யாருடைய கை பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. நீங்கள் கொடுங்கையூர் குப்பைமேட்டிலிருந்தோ உங்கள் ஊர்க் கிடங்கிலிருந்தோ பொருள் வாங்கினால், பிரித்தெடுத்துக் கொடுத்தவர்களுக்கு நாள்கூலி கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் லேபிளில் போடுங்கள். திறப்பு விழாவுக்கு அழையுங்கள். அழைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் சின்ன அருங்காட்சியகங்கள் தடுமாறுகின்றன. குப்பையில் வந்த பொருள் குப்பையில் இருந்ததையும் கூடக் கொண்டுவரும். மரம், அட்டை, சணல், துணி எதுவானாலும் நேராக ஹாலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்துப்பூச்சியோ வண்டோ இருந்தால் உங்கள் பழைய சேகரிப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். தனி அறையில் இரண்டு வாரமாவது வைத்துப் பாருங்கள், கீழே தூள் உதிர்கிறதா என்று. சந்தேகம் இருந்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போகும் டீப் ஃப்ரீஸரில் ஒன்றிரண்டு வாரம். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் வியர்த்து நனைந்துவிடும்.

சில பொருட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்: டியூப் லைட் (உள்ளே பாதரசம்), பழைய டிவியின் உடைந்த பிக்சர் டியூப் (கண்ணாடியில் ஈயம்), கார் பேட்டரி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஊசி, மருந்துப் பாட்டில். எவ்வளவு அழகான படைப்பாக இருந்தாலும் சரி. உரிந்து கொட்டும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், தொடும் மேசையில் வேண்டாம்.

பிளாஸ்டிக் அழியாது என்று குப்பைமேட்டைப் பார்த்து நினைக்கிறோம். அருங்காட்சியகத்தில் அதற்கு நேரெதிர். பாதுகாக்கவே முடியாத பொருட்களில் அதுவும் ஒன்று. பிவிசி பொம்மை கொஞ்ச வருஷத்தில் பிசுபிசுவென்று வியர்க்கும். சோபாவில் இருக்கும் ஃபோம் தூளாக உதிரும். ரப்பரில் வெடிப்பு விழும். மூன்று மாதக் கண்காட்சிக்கு இது பெரிய ஆபத்து இல்லை, ஆனால் அதன்மேல் ஸ்பாட் லைட் அடித்தால் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். துணி, காகிதம், சாயம் போட்ட பிளாஸ்டிக் இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். இரும்புக்கு வெளிச்சம் பிரச்சினையில்லை, ஈரம்தான் எதிரி; கடற்கரை ஊரென்றால் உப்புக்காற்றும்.

துருவை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கலைஞரைக் கேட்காமல் தேய்க்காதீர்கள், வார்னிஷும் அடிக்காதீர்கள். பல நேரம் அந்தத் துருதான் அவருக்கு வேண்டிய நிறம். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், உதிராமல் இருக்க அவர் சம்மதத்தோடு மெல்லிய மெழுகு. அதோடு நிறுத்துங்கள்.

துப்புரவுப் பணியாளர்களுக்கு முதல் நாளே ஹாலைச் சுற்றிக் காட்டுங்கள். சிரிக்க வேண்டாம், பெரிய பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2004இல் லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் குஸ்டாவ் மெட்ஸ்கரின் படைப்பில் ஒரு பகுதியாக இருந்த குப்பைப் பையைப் பணியாளர் எடுத்து வெளியே போட்டுவிட்டார். 2011இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் மார்ட்டின் கிப்பன்பெர்கரின் படைப்பில் ஒரு தொட்டியில் காய்ந்த கறை இருந்தது; அது அவரே பூசியது. ஒருவர் பளபளவென்று தேய்த்து எடுத்துவிட்டார். 8 லட்சம் யூரோவுக்குக் காப்பீடு செய்த படைப்பு. 2015இல் இத்தாலியின் போல்சானோவில் காலி ஷாம்பெயின் பாட்டிலும் சிகரெட் துண்டும் வண்ணக் காகிதமுமாகப் பரப்பிய ஒரு படைப்பை, நேற்று நடந்த விருந்தின் மிச்சம் என்று நினைத்து மூட்டை கட்டிவிட்டார்கள். மூன்றிலும் அந்தப் பணியாளர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். தப்பு, அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவைக்காத நிர்வாகத்தினுடையது. எது படைப்பு, எது தூசி என்று படத்தோடு ஒரு தாள் ஒட்டிவையுங்கள். முடிந்தால் அவர்களையே முதல் பார்வையாளர்களாக அழைத்து ஒரு மணிநேரம் பேசுங்கள். வீசிய பொருளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது, உங்கள் லேபிள்களில் இரண்டு மூன்று மாறினாலும் மாறும்.

குப்பையைப் பற்றிக் கண்காட்சி வைத்துவிட்டு மூட்டை மூட்டையாகக் குப்பை போடுவது நம்மவர்களின் வழக்கம். ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். சுவரில் நேராகப் பெயின்ட்டால் எழுதச் சொல்லுங்கள், போர்டு எழுதுகிற கலைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை கிடைக்கும். மேடைகளுக்கு பிளைவுட் புதிதாக வாங்காமல், கல்லூரி ஸ்டோர் ரூமில் கிடக்கும் உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்து பயன்படுத்துங்கள். மேலே மட்டும் வெள்ளைத் துணி. மாணவர் பட்டறை கட்டாயம் வைக்க வேண்டுமா என்றால், வையுங்கள், ஆனால் மயில் செய்யச் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்து தூக்கிப்போட இருந்த ஒரு பொருளைக் கொண்டுவந்து, அதற்கு லேபிள் எழுதச் சொல்லுங்கள். செய்வதைவிட அது கஷ்டம்.

கடைசியாக ஒப்பந்தம். படைப்பைக் கலைஞரிடமிருந்து பெறும்போதே நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் நெளிசல், ஓட்டை, கீறல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். இந்த வகைப் பொருளில் எது பழைய சேதம், எது உங்கள் ஹாலில் ஆனது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. கண்காட்சி முடிந்து எத்தனை நாளுக்குள் எடுத்துப்போக வேண்டும், வண்டி வாடகை யாருடையது, எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். கலைஞர் வரவில்லை, ஸ்டோர் ரூமில் இடமில்லை என்ற நிலை வந்தால், கல்லூரி அலுவலகம் அதை எடைக்குப் போட்டுவிடும்.